பன்னிரண்டு கோத்திரம், எண்ணினால் பதின்மூன்று

நீங்கள் கேட்டவை மூன்று. இஸ்ரவேலின் கோத்திரங்கள் பன்னிரண்டு என்கிறார்கள், பெயர்களை எழுதி எண்ணினால் பதின்மூன்று வருகிறதே, அது எப்படி? பைபிளின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தின் பட்டியலில் தாண் கோத்திரம் ஏன் இல்லை? இன்றைய யூதர்களில் யார் எந்தக் கோத்திரம் என்று அவர்களுக்குத் தெரியுமா? பைபிள் வகுப்பு எடுத்த காலத்தில் முதல் கேள்வியை என்னிடம் ஒரு சிறுவன் கேட்டான். அன்று சரியாகப் பதில் சொல்லத் தெரியாமல் மழுப்பினேன். அந்தக் கடனையும் சேர்த்து இங்கே தீர்க்கப் பார்க்கிறேன்.

முதலில் ‘கோத்திரம்’ என்ற சொல். இதைக் கேட்டதும் அர்ச்சனைச் சீட்டில் பெயர், நட்சத்திரத்தோடு சொல்லும் கோத்திரமும், ஒரே கோத்திரத்தில் பெண் எடுக்கக் கூடாது என்ற விதியும் பலருக்கு நினைவுக்கு வரும். பழைய தமிழ் பைபிளில் இந்தச் சொல் நிலைத்துவிட்டது. கத்தோலிக்க மொழிபெயர்ப்பில் ‘குலம்’ என்று இருக்கும். திருமண விதியை மட்டும் இங்கே மறந்துவிடுங்கள். இஸ்ரவேலில் சொந்தக் கோத்திரத்துக்குள் மணப்பது குற்றமல்ல. ஒரு வழக்கில் அதுவே சட்டமாகவும் ஆனது. அதைப் பிறகு சொல்கிறேன். எபிரேயத்தில் கோத்திரத்துக்கு இரண்டு சொற்கள் உண்டு: ஷேவெத், மத்தே. இரண்டுக்கும் நேர்ப்பொருள் கோல். தலைவன் கையில் பிடித்த கோல், அதன் கீழ் நின்ற கூட்டத்துக்கே பெயராகிவிட்டது. செங்கோல், கோலோச்சுதல் என்று சொல்லிப் பழகிய நமக்கு இது புதிதல்ல. எண்ணாகமம் 17ஆம் அதிகாரத்தில் மோசே கோத்திரத்துக்கு ஒரு கோல் வாங்கி, அதில் தலைவன் பெயரை எழுதி, வழிபாட்டுக்கான ஆசரிப்புக் கூடாரத்தில் வைக்கிறார். மறுநாள், ஆசாரிய வம்சத்தின் முதல்வரான ஆரோன் பெயர் எழுதிய லேவியின் கோல் மட்டும் துளிர்த்து, பூத்து, வாதுமைப் பழம் தாங்கி நிற்கிறது. எபிரேயத்தில் வாசிப்பவருக்கு அங்கே துளிர்த்தது கோலும்தான், கோத்திரமும்தான்.

இனி பெயர்க்கணக்கு. இஸ்ரவேல் என்ற மறுபெயர் கொண்ட யாக்கோபுக்கு நான்கு பெண்கள் வழியே பன்னிரண்டு மகன்கள். லேயாளுக்கு ரூபன், சிமியோன், லேவி, யூதா, இசக்கார், செபுலோன். ராகேலுக்கு யோசேப்பு, பென்யமீன். ராகேலின் பணிப்பெண் பில்காளுக்குத் தாண், நப்தலி. லேயாளின் பணிப்பெண் சில்பாளுக்குக் காத், ஆசேர். தீனாள் என்ற மகளும் உண்டு, ஆனால் அவள் பெயரில் கோத்திரம் இல்லை. யாக்கோபு தன் கடைசிக் காலத்தில், யோசேப்பின் மகன்கள் எப்பிராயீம், மனாசே இருவரையும் பேரன்களாக வைக்காமல் தன் சொந்த மகன்களாகவே எடுத்துக்கொள்கிறார். ஆக, யோசேப்பின் பங்கு இரண்டாகப் பிரிகிறது. மொத்தம் பதின்மூன்று.

ஆனால் பைபிள் எந்த இடத்திலும் பதின்மூன்று என்று சொல்வதில்லை. நிலம் பங்கிடும்போது லேவிக்குப் பங்கு கிடையாது; எப்பிராயீமும் மனாசேயும் தனித்தனியாக வருகிறார்கள்: பன்னிரண்டு. பிள்ளைகளின் பெயரைச் சொல்லும்போது லேவி உள்ளே வருகிறான், அந்த இருவரும் யோசேப்பு என்ற ஒரே பெயருக்குள் ஒடுங்கிவிடுகிறார்கள்: மறுபடியும் பன்னிரண்டு. இந்த இரண்டு கணக்கையும் ஒரே அதிகாரத்தில் பார்க்க வேண்டுமானால் எசேக்கியேல் 48ஐத் திறந்து பாருங்கள். தேசத்தை வடக்கிலிருந்து தெற்காகப் பட்டை பட்டையாகப் பிரிக்கும் முற்பகுதியில் லேவி பன்னிரண்டில் சேரவில்லை. நகரத்தின் பன்னிரண்டு வாசல்களுக்குப் பெயர் வைக்கும் பிற்பகுதியில் லேவிக்கு ஒரு வாசல், யோசேப்புக்கு ஒரு வாசல். எழுதியவருக்குக் குழப்பமே இல்லை. குழம்புவது நாம்தான்.

ஒரு பெயர் விடுபட்ட பட்டியலும் உண்டு: மோசேயின் கடைசி ஆசீர்வாதத்தில், உபாகமம் 33இல், சிமியோன் இல்லை. யாக்கோபின் தாத்தா ஆபிரகாமின் மற்ற உறவுகளிலும் பன்னிரண்டு என்ற எண் வருவதைக் கவனியுங்கள். இஸ்மவேலுக்குப் பன்னிரண்டு பிரபுக்கள். ஆபிரகாமின் சகோதரன் நாகோருக்கு மனைவி வழியில் எட்டு, மறுமனையாட்டி வழியில் நான்கு, ஆகப் பன்னிரண்டு பிள்ளைகள். நிறைவான ஒரு ஜனம் என்றால் பன்னிரண்டு கிளை இருக்க வேண்டும் என்பது அந்தப் பகுதியின் எண்ணமாக இருந்திருக்கிறது. 1930இல் ஜெர்மானிய அறிஞர் மார்ட்டின் நோத், கிரேக்கர்கள் டெல்ஃபி கோயிலைச் சுற்றி அமைத்திருந்த கூட்டணியைக் காட்டி, இஸ்ரவேலும் அப்படி ஒரு கூட்டணிதான் என்றார். திருவிழாவில் நாளுக்கு ஒருவர் மண்டகப்படி எடுப்பதைப்போல, மாதத்துக்கு ஒரு கோத்திரம் பொதுக் கோயிலைப் பராமரித்தது என்பது அவருடைய ஊகம். கேட்க அழகாக இருந்ததால் ஒரு தலைமுறை முழுவதும் அதை நம்பியது. அரசர்களுக்கு முந்தைய நியாயாதிபதிகள் காலத்தில் அப்படியொரு பொது நிர்வாகம் நடந்ததற்குத் தடயம் கிடைக்காததால் இன்று அதைப் பெரும்பாலோர் கைவிட்டுவிட்டார்கள்.

லேவியின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். சீகேம் ஊராரை வஞ்சகமாக வெட்டிக் கொன்றவர்கள் சிமியோனும் லேவியும். சாகுமுன் யாக்கோபு இருவரையும் சேர்த்தே சபிக்கிறார்: இஸ்ரவேலில் சிதறிப்போவீர்கள். இருவரும் சிதறவே செய்தார்கள். சிமியோனுக்குக் கிடைத்த ஊர்கள் யூதாவின் நிலத்துக்குள்ளேயே கிடந்தன, காலப்போக்கில் அந்தக் கோத்திரம் யூதாவுக்குள் கரைந்துவிட்டது. லேவியும் சொந்த நிலமில்லாமல் நாற்பத்தெட்டு ஊர்களில் சிதறினான். ஆனால் அவன் கரையவில்லை. சிதறியதே அவன் ஊழியமாகிவிட்டது. மற்றவர்களுடைய விளைச்சலில் பத்தில் ஒன்று அவனுக்கு, கர்த்தரே அவனுடைய சுதந்தரம், அதாவது பரம்பரைப் பங்கு. ஒரே சாபம் இரண்டு வீடுகளில் இரண்டு விதமாகப் பலித்திருக்கிறது.

லேவியருக்கு இந்த இடம் கிடைத்த விதத்தை எண்ணாகமம் 3 கணக்குப்பிள்ளையின் துல்லியத்தோடு சொல்கிறது. எகிப்தில் தலைப்பிள்ளைகள் செத்த இரவில் இஸ்ரவேலின் தலைப்பிள்ளைகள் தப்பினார்கள். ஆகவே அவர்கள் எல்லாரும் கடவுளுக்குரியவர்கள். அவர்களுக்குப் பதிலாக லேவியரை எடுத்துக்கொள்வது என்று ஏற்பாடு. எண்ணிப் பார்த்தால் லேவியர் 22,000 பேர், தலைப்பிள்ளைகள் 22,273 பேர். மிஞ்சிய 273 பேருக்கு ஈடு இல்லை. விட்டுவிடலாமே என்று யாரும் சொல்லவில்லை. தலைக்கு ஐந்து சேக்கல் வீதம் 1,365 சேக்கல் வெள்ளியை வாங்கி ஆரோனிடம் கொடுத்தார்கள். இன்றும் மரபைக் கைக்கொள்ளும் யூதர் வீட்டில் தாய்க்கு முதல் பிரசவத்தில் ஆண் குழந்தை பிறந்தால், முப்பது நாள் கடந்ததும், ஆரோன் வழிவந்த ஒருவரிடம் ஐந்து வெள்ளி நாணயம் கொடுத்துப் பிள்ளையை மீட்டுக்கொள்கிறார்கள். பெற்றோரில் ஒருவர் ஆசாரிய வழி அல்லது லேவி வழி என்றால் அந்தச் சடங்கு தேவையில்லை.

மற்ற கோத்திரங்களுக்கு மதம் என்பது நிலத்தோடு பிணைந்திருந்தது. சீட்டுப் போட்டுக் கிடைத்த நிலம் கடவுள் கொடுத்தது, அது ஒரு கோத்திரத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகக் கூடாது. இங்கேதான் நான் சொன்ன வழக்கு வருகிறது. மனாசே கோத்திரத்தில் செலொப்பியாத் என்பவர் ஆண் வாரிசு இல்லாமல் இறந்துபோனார். அவருடைய ஐந்து பெண்கள், மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள், கூடாரவாசலில் மோசேக்கும் தலைவர்களுக்கும் முன்பாக வந்து நின்று, ஆண்பிள்ளை இல்லை என்பதற்காக எங்கள் தகப்பன் பெயர் ஏன் அழிய வேண்டும், எங்களுக்கும் நிலம் கொடுங்கள் என்றார்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்று தீர்ப்பானது. பின்னர் மனாசேயின் மூத்தவர்கள் மறுவழக்கோடு வந்தார்கள்: இந்தப் பெண்கள் வேறு கோத்திரத்தில் வாழ்க்கைப்பட்டால் நிலமும் அங்கே போய்விடுமே? அதற்கு வந்த தீர்ப்பு, தங்கள் கோத்திரத்துக்குள் யாரை விரும்பினாலும் மணக்கலாம் என்பது.

இதை வெறும் பழங்கதை என்று தள்ளுவதற்கு முன், 1910இல், வடக்கு ராஜ்யத்தின் தலைநகராக இருந்த சமாரியாவின் அகழாய்வில் கிடைத்த பானையோடுகளைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மையால் எழுதிய சின்னச் சின்னச் சரக்குக் குறிப்புகள்: இன்ன ஆண்டு, இன்ன இடத்திலிருந்து, இன்னாருக்கு, ஒரு ஜாடி பழைய திராட்சரசம் அல்லது ஒரு ஜாடி சுத்தமான எண்ணெய். பக்தியும் இல்லை, புராணமும் இல்லை. ஆனால் அந்த இடப்பெயர்கள் அபியேசர், ஏலேக், செமீதா என்று போகின்றன. யோசுவா 17 மனாசேயின் வம்சங்களாகச் சொல்லும் அதே பெயர்கள். அவற்றுக்கு நடுவே நோவாள் ஒன்று, ஒக்லாள் ஒன்று. நிலம் கேட்டு நின்ற ஐந்து பெண்களில் இரண்டு பேரின் பெயர், அரசு அலுவலரின் கையெழுத்தில், ஊர்ப் பகுதியின் பெயராக நிற்கிறது. கதை முதலா, ஊர் முதலா என்று அறிஞர்கள் வாதாடட்டும். அந்தப் பெயரில் நிலம் இருந்தது, அதிலிருந்து சரக்கு போனது என்பதில் வாதமில்லை.

வெளியார் கல்வெட்டில் வரும் கோத்திரம் காத். மோவாப் அரசன் மேசா கி.மு. 9ஆம் நூற்றாண்டில் பொறித்த கல்லில், காத்தின் மனிதர்கள் அதரோத் நாட்டில் தொன்றுதொட்டுக் குடியிருந்தார்கள் என்று எழுதிவிட்டு, அந்த ஊரை வென்று மக்களைக் கொன்றதையும் பெருமையாகச் சொல்கிறான். ஏறக்குறைய கி.மு. 1208இல் எகிப்திய மன்னன் மெர்னெப்தா பொறித்த கல்லில் ‘இஸ்ரவேல்’ என்ற ஜனம் இருக்கிறது. கோத்திரப் பெயர் எதுவும் இல்லை. ஒரே தகப்பனின் பன்னிரண்டு மகன்கள் என்பதைவிட, மலைநாட்டில் அக்கம்பக்கமாகக் குடியேறிய பல கூட்டங்கள் நாளடைவில் ஒரே தகப்பன் வீட்டுப் பிள்ளைகளாகத் தங்களை எண்ணிக்கொண்டார்கள் என்பதே இன்று பல வரலாற்றாசிரியர்களின் கருத்து. பென்யமீன் என்ற பெயரே அப்படிப்பட்டது: வலக்கையின் மகன். கிழக்கைப் பார்த்து நின்றால் வலப்பக்கம் தெற்கு. வடமொழியின் தட்சிணம் வலத்தையும் தெற்கையும் குறிப்பதைப்போலத்தான். எப்பிராயீமுக்குத் தெற்கே இருந்தவர்கள் பென்யமீன். எனக்கும் இந்தக் கருத்தே பொருத்தமாகப் படுகிறது. அதனால் மத மதிப்பு குறைந்துவிடுவதில்லை. உறவென்று ஏற்றுக்கொண்ட பிறகு அந்த உறவைக் காக்க அவர்கள் பட்ட பாடுதான் பைபிளில் பாதி.

பெண் தீர்க்கதரிசி தெபொராளின் பாட்டைப் படித்தால் இது புரியும். நியாயாதிபதிகள் 5இல் உள்ள அந்தப் பாட்டு பைபிளின் மிகப் பழைய பகுதிகளில் ஒன்று என்பார்கள். போருக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பெயர் சொல்லிப் பாடுகிறாள். செபுலோன், நப்தலி உயிரைத் துச்சமென்று எண்ணி நின்றார்கள். ரூபன் தொழுவத்தில் உட்கார்ந்து மந்தையின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு யோசித்துக்கொண்டே இருந்தான். தாண் கப்பலோடு, ஆசேர் கடற்கரையோடு தங்கிவிட்டார்கள். யூதா, சிமியோன், லேவி பெயர்களே இல்லை. மொத்தம் பத்துப் பெயர்கள், அவற்றிலும் மனாசேக்குப் பதிலாக மாகீர், காத்துக்குப் பதிலாகக் கீலேயாத். பன்னிரண்டு என்ற கணக்கு அப்போது இன்னும் உறையவில்லை. ஆனால் வராதவனைப் பெயர் சொல்லித் திட்ட முடிகிறது என்றால், அவன் வந்திருக்க வேண்டியவன் என்று பொருள்.

அதே புத்தகத்தின் முடிவில் இன்னும் கொடியது நடக்கிறது. கிபியாவில் ஒரு பெண்ணுக்கு இழைத்த கொடுமைக்காக மற்ற எல்லாரும் சேர்ந்து பென்யமீனை வெட்டிச் சாய்க்கிறார்கள். மிஞ்சியது 600 ஆண்கள். வென்றவர்கள் பெத்தேலில் உட்கார்ந்து அழுகிறார்கள்: இஸ்ரவேலில் ஒரு கோத்திரம் குறைந்துபோனதே. பிறகு அந்த 600 பேருக்குப் பெண் தேட அவர்கள் செய்தவை, இன்னோர் ஊரை அழித்து 400 கன்னிகைகளைக் கொண்டுவந்ததும், சீலோவில் நடனமாட வந்த பெண்களைத் தூக்கிச் செல்ல விட்டதும், எந்த நியாயத்திலும் அடங்காதவை. எழுதியவருக்கும் அது தெரியும். அந்நாட்களில் அவனவன் தன் பார்வைக்குச் சரியானதைச் செய்துவந்தான் என்று முடித்துவிடுகிறார். ஆனாலும் பன்னிரண்டில் ஒன்று குறைவதை அவர்களால் தாங்க முடியவில்லை.

சாலொமோன் அரசனுக்குப் பிறகு, ஏறத்தாழ கி.மு. 930இல், ராஜ்யம் உடைந்தது. தீர்க்கதரிசி அகியா தன் புதுச் சால்வையைப் பன்னிரண்டு துண்டாகக் கிழித்து, பத்தை, வடக்கு ராஜ்யத்தின் அரசனாகப்போகும் யெரொபெயாமிடம் கொடுத்து, ஒன்று தாவீதின் வீட்டுக்கு என்கிறார். பத்தும் ஒன்றும் பதினொன்றுதானே என்று கேட்காதீர்கள். யூத மதகுருக்களான ரபிமாரும் அறிஞர்களும் அந்த ஒரு துண்டைத் தேடி நிறைய எழுதிவிட்டார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, உடைந்து இரண்டு தலைமுறைக்குப் பிறகு கர்மேல் மலையில் தீர்க்கதரிசி எலியா செய்தது. அவர் நிற்பது வடக்கு ராஜ்யத்தில். அங்கே பத்துதான் இருக்கிறது. ஆனால் இடிந்த பலிபீடத்தைக் கட்ட அவர் பன்னிரண்டு கல்லை எடுக்கிறார்.

கி.மு. 722 வாக்கில் அசீரியர் சமாரியாவைப் பிடித்தார்கள். இருபத்தேழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனதாக இரண்டாம் சர்கோன் பதிந்திருக்கிறான். எல்லாரும் போய்விடவில்லை, பலர் அங்கேயே இருந்தார்கள், பலர் தெற்கே எருசலேமுக்கு ஓடிவந்தார்கள். கி.மு. 586இல் எருசலேமும் விழுந்தது. பாபிலோனிலிருந்து திரும்பியவர்களில் பெரும்பாலோர் யூதா, பென்யமீன், லேவி. அவர்கள் கட்டிய இரண்டாம் ஆலயத்தைக் கி.மு. 515இல் பிரதிஷ்டை செய்தபோது, பாவநிவாரண பலியாக எத்தனை வெள்ளாட்டுக்கடா கொடுத்தார்கள் என்று எஸ்றா 6 சொல்கிறது. பன்னிரண்டு. எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாத சகோதரர்களுக்கும் தலைக்கு ஒன்று. உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இந்தக் கடாக்களில்தான் இருக்கிறது. பிரதான ஆசாரியனின் மார்ப்பதக்கத்தில் நான்கு வரிசையில் மும்மூன்றாகப் பதித்த பன்னிரண்டு கற்களிலும் கோத்திரங்களின் பெயர் வெட்டியிருக்க வேண்டும் என்பது விதி. கோத்திரம் போய்விட்டது என்பதற்காகக் கல்லைப் பெயர்த்து எடுக்க அந்த விதியில் இடமில்லை.

போனவர்கள் திரும்புவார்களா என்று, ரபிமாரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் ஒரு வாக்குவாதம் உண்டு. உபாகமத்தின் ‘இந்நாளில் இருக்கிறபடி’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, நாள் போனால் திரும்பாததுபோல அவர்களும் திரும்பமாட்டார்கள் என்றார் ரபி அக்கிபா. நாள் இருண்டு பின் வெளுப்பதுபோல அவர்களுக்கும் வெளுக்கும் என்றார் ரபி எலியேசர். எலியேசரின் பக்கமே ஜனங்களின் ஜெபம் சாய்ந்தது.

இயேசு பன்னிரண்டு பேரைத் தெரிந்தெடுத்ததை இந்தப் பின்னணியில் வைத்துப் பாருங்கள். அன்றைய யூதருக்கு அது விளக்கம் தேவைப்படாத அறிகுறி. பன்னிரண்டு சிங்காசனங்களில் உட்கார்ந்து இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரங்களையும் நியாயந்தீர்ப்பீர்கள் என்று அவர்களிடமே சொல்கிறார். யூதாஸ் போனதும் சபை செய்த முதல் வேலை, சீட்டுப் போட்டு மத்தியாவைச் சேர்த்து எண்ணிக்கையை நிரப்பியது. சாக்கடல் அருகே கும்ரானில் வாழ்ந்தவர்களின் விதிநூலும் பன்னிரண்டு பேரும் மூன்று ஆசாரியரும் கொண்ட குழுவைச் சொல்கிறது. குர்ஆனிலும் மூசா நபி பாறையை அடித்ததும் பன்னிரண்டு ஊற்றுகள் பீறிட்டன, ஒவ்வொரு கூட்டமும் தன் நீர்த்துறையை அறிந்துகொண்டது என்று வருகிறது. அதற்கிடையில் சாதாரண மனிதர்களும் கோத்திரத்தை மறக்கவில்லை. பவுல் தன்னைப் பென்யமீன் என்கிறார். ஆலயத்தில் குழந்தை இயேசுவைக் கண்ட கிழவி அன்னாள் ஆசேர் கோத்திரத்தாள். ஆசேர் ‘தொலைந்துபோன’ பத்தில் ஒன்று.

இப்போது தாண். வெளிப்படுத்தின விசேஷம் 7இல் கோத்திரத்துக்குப் பன்னிரண்டாயிரம் வீதம் 1,44,000 பேர் முத்திரை போடப்படுகிறார்கள். யூதா முதலில் வருகிறான், மேசியா அவன் வழி என்பதால். லேவி உண்டு, யோசேப்பு உண்டு, யோசேப்பின் மகன் மனாசேயும் உண்டு, தாண் இல்லை. நான் முன்பு சொன்ன இரண்டு கணக்கிலும் இது சேராது. காரணத்தை அந்த நூல் சொல்லவில்லை. 2ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ ஆயர் இரேனியு, எரேமியா 8இல் தாணின் பக்கத்திலிருந்து குதிரைகளின் மூச்சுச் சத்தம் கேட்பதைப் பிடித்துக்கொண்டு, அந்திக்கிறிஸ்து தாணில் பிறப்பான் என்றார். அந்தப் பேச்சு இன்றும் பல மேடைகளில் கேட்கிறது. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. தாணின் மேல் பழைய கறை உண்டு என்பது உண்மை: தெற்கிலிருந்து பெயர்ந்து வடக்கே லாயீசைப் பிடித்தபோதே திருடிய விக்கிரகத்தை நாட்டினார்கள், யெரொபெயாம் பொற்கன்றுகளில் ஒன்றை வைத்ததும் அங்கேதான். ஆனால் ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்த கைவினைஞர் இருவரில் அகோலியாப் தாண், சிம்சோனும் தாண். எசேக்கியேலின் தேசப் பங்கீட்டில் முதல் பெயரே தாண், அவனுக்கு ஒரு வாசலும் உண்டு. ஒரு பட்டியலில் பெயர் விடுபட்டதை வைத்துக் கோத்திரத்தையே சபிப்பதாக இருந்தால், உபாகமத்தை வைத்துச் சிமியோனையும் சபிக்க வேண்டும்.

கடைசிக் கேள்வி. இன்றைய யூதரில் பெரும்பாலோருக்குக் கோத்திரம் தெரியாது. தெரிந்து நிலைத்திருப்பது ஒரே ஒரு கோத்திரம், நிலமில்லாத லேவி. ஜெப ஆலயத்தில் வேதச் சுருளான தோரா வாசிக்க முதலில் ஆரோன் வழிவந்த கோஹேன் ஒருவரை அழைப்பார்கள், அடுத்து லேவியர் ஒருவர், மூன்றாவதாக ‘இஸ்ரவேல்’. ரூபனோ நப்தலியோ யூதாவோ, எல்லாரும் அந்த மூன்றாவது அழைப்புக்குள் அடக்கம். மரபைக் கைக்கொள்ளும் கோஹேன் நெருங்கிய உறவினர் சாவு தவிரக் கல்லறைக்குப் போகமாட்டார், விவாகரத்தான பெண்ணை மணக்கமாட்டார். கெரிசீம் மலையிலும் டெல் அவிவ் அருகே ஹோலோனிலும் வாழும் சில நூறு சமாரியர்கள் தங்களை எப்பிராயீம், மனாசே, லேவி வழி என்கிறார்கள்.

இவர்களுக்கு அப்பால், தொலைந்த பத்துக் கோத்திரம் நாங்களே என்று சொல்லாத கண்டம் இல்லை. பலவற்றைப் பேசிப் பயனில்லை. நம் நாட்டில் மணிப்பூரிலும் மிசோராமிலும் வாழும் பினெய் மெனாஷே மக்கள், தங்கள் மூதாதை மன்மாசியே மனாசே என்கிறார்கள். 2005இல் இஸ்ரேலின் செபார்திய தலைமை ரபி அவர்களை ஏற்றார், ஆயிரக்கணக்கானோர் அங்கே குடியேறியிருக்கிறார்கள். எத்தியோப்பியாவின் பேத்தா இஸ்ரவேல் மக்களைப் பற்றி 16ஆம் நூற்றாண்டிலேயே எகிப்தில் இருந்த ரபி ஒருவர் தீர்ப்பு எழுதியிருந்தார். அதை ஆதாரமாகக் கொண்டு 1973இல் தலைமை ரபி ஓவாதியா யோசெப் அவர்களை யூதர்கள் என்று அறிவித்தார். வரலாற்றாய்வாளர் பலர் அந்த வம்சாவளியை ஏற்பதில்லை. ஆனாலும் 1991 மே மாதம், 36 மணி நேரத்துக்குள், அடிஸ் அபாபாவிலிருந்து 14,000 பேருக்கு மேல் விமானம் ஏற்றி இஸ்ரேலுக்குக் கொண்டுசென்றார்கள். அந்த ரபிமார் அவர்களுக்கு எழுதிக்கொடுத்த கோத்திரம் தாண்.